எத்தனை பல்லுக்கு எவ்வளவு வேகம்?

காரின் இன்ஜினும் சக்கரமும் ஒரே கதியில் சுற்ற முடியாதவை. பெட்ரோல் இன்ஜின் நிமிடத்துக்கு 700, 800 சுற்றுக்குக் கீழே இறங்கினால் திணறி நின்றுவிடும். பல வேகக் கார்களின் இன்ஜினுக்கு 4,000-ஐத் தாண்டினால்தான் உயிரே வரும். 7,000-க்கு மேல் வெகுதூரம் போனால் உடையும். சக்கரம் அப்படியல்ல. அது நின்ற நிலையிலிருந்து தொடங்க வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில்கூட அது நிமிடத்துக்கு 850 சுற்று அளவில்தான் ஓடும். ஒத்துப்போகாத இந்த இருவருக்கும் இடையே பேசித் தீர்த்து வைப்பவை பல்சக்கரங்கள். எத்தனை பல்லுக்கு எத்தனை பல் என்ற கணக்குதான் கியர் விகிதம். பத்துப் பல் உள்ள சிறு சக்கரம் நாற்பத்தொரு பல் உள்ள பெரிய சக்கரத்தைச் சுற்றினால் விகிதம் 4.1. சிறியது 4.1 முறை சுற்றும்போது பெரியது ஒரு முறை சுற்றும், முறுக்குவிசை 4.1 மடங்காகும்.

இந்த வியாபாரத்தில் லாபம் கிடையாது. சிதம்பரத்தில் ஆனியிலும் மார்கழியிலும் தேரோடும் நாளில் நிலையில் நிற்கும் தேரைக் கிளப்புவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். வடம் பிடித்தவர்கள் முன்னே இழுக்க, சக்கரத்தின் பின்னால் சன்னைக் கட்டையைக் கொடுத்து அதன் நீண்ட முனையை அழுத்துகிறார்கள். முனை ஓர் ஆள் உயரம் இறங்கினால் சக்கரம் நாலு விரற்கடை நகரும். தூரத்தைக் கொடுத்துவிட்டு விசையை வாங்குகிறார்கள். கியரும் நெம்புகோல்தான்; நிற்காமல் சுழலும் நெம்புகோல். 200 குதிரைத்திறன் இன்ஜினுக்கு எந்தக் கியரைப் போட்டாலும் அது 201 ஆகாது. கடையில் ‘பிக்கப் கூடும்’ என்று சொல்லி விற்கும் பல்சக்கரம், வேகத்திலிருந்து எடுத்துத்தான் இழுவைக்குக் கொடுக்கிறது.

பின் சக்கரம் ஓட்டும் காரில் இந்தப் பேரம் இரண்டு இடத்தில் நடக்கிறது. முதலாவது கியர்பாக்ஸ். அங்கே ஐந்தோ ஆறோ விகிதங்கள் உண்டு. ஓட்டுபவர் வேண்டியதைத் தேர்ந்து கொள்ளலாம். இரண்டாவது பின் அச்சின் நடுவிலுள்ள உருண்டைக் கூடு. மெக்கானிக்குகள் கிரவுன், பினியன் என்று சொல்லும் ஜோடி அதற்குள் இருக்கிறது. அதன் விகிதம் ஒன்றே ஒன்று. வண்டியில் ஏறிய பிறகு மாற்ற வழியில்லை. இரண்டையும் பெருக்கினால் வருவதே சக்கரத்துக்குப் போய்ச் சேரும் மொத்த விகிதம். முதல் கியர் 3.6, அச்சு 4.1 என்றால் மொத்தம் 15-க்குச் சற்றுக் குறைவு. எண் பெரிதானால் இழுவை கூடும், ஓட்டம் குறையும். எண் சிறிதானால் தலைகீழ். ‘உயர்ந்த கியர்’ என்பது சிறிய எண் என்பதால் புதிதாகப் படிப்பவர்கள் இங்கே ஒருமுறை தடுக்கி விழுவது வழக்கம்.

பைக் வைத்திருப்பவர்களுக்கு அச்சு விகிதத்தின் வேலை ஏற்கெனவே பழக்கம். செயினின் முன் சக்கரத்தில் ஒரு பல்லைக் குறைத்தாலோ பின் சக்கரத்தில் இரண்டு பல்லைக் கூட்டினாலோ எல்லாக் கியரும் சேர்ந்தாற்போல இழுவைப் பக்கம் நகரும். அச்சு விகிதம் காரில் செய்வதும் இதைத்தான்: அத்தனை கியரையும் ஒரே அளவுக்கு ஒரு பக்கமாக நகர்த்தும். கியர்பாக்ஸ் விகிதங்கள் முடிவு செய்வது வேறு. ஒரு கியருக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு இடைவெளி என்பதை. இந்த இரண்டு வேலையும் ஒன்றோடொன்று குழம்பாமல் இருந்தால் தேர்வு பாதி முடிந்த மாதிரி.

மீதிப் பாதிக்குச் சாலையிலிருந்து தொடங்க வேண்டும், இன்ஜினிலிருந்து அல்ல. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பாதையில் பாலங்களின் மேட்டை விட்டால் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. கெடிலமும் பரவனாறும் வெள்ளாறும் மண் கொட்டிச் சமப்படுத்திய கடலோரத் தரை. அங்கே ஓடும் காருக்கு ஏற்காடு மலைப்பாதையில் ஏறும் காரின் விகிதம் வேண்டியதில்லை. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு இழுக்கும் டிராக்டருக்கு மொத்த விகிதம் நூறைத் தாண்டும் கியர்கள்கூட இருக்கலாம். அது மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டாவிட்டாலும் யாருக்கும் வருத்தமில்லை. வேகக் காருக்கு இரண்டு முனையும் வேண்டும். நின்ற இடத்திலிருந்து டயர் தாங்கும் அளவுக்குப் பாய வேண்டும். கடைசியில் காற்றோடு மோதி நிற்கும் வேகத்தையும் தொட வேண்டும்.

இதற்கு உதாரணமாக டொயோட்டா 86 என்ற ஜப்பானிய விளையாட்டுக் காரை எடுத்துக்கொள்ளலாம். 2012-இல் வந்தது, சுபாரு பிஆர்இசட் அதன் இரட்டை. இரண்டு லிட்டர் இன்ஜின், 7,000 சுற்றில் 200 குதிரைத்திறன், 7,400-இல் சிவப்புக் கோடு, அதாவது இன்ஜின் தாண்டக் கூடாத எல்லை. ஆறு கியர் மேனுவல் பெட்டியின் விகிதங்கள் முறையே 3.626, 2.188, 1.541, 1.213, 1.000, 0.767. அச்சு 4.1. இதை உதாரணமாக எடுப்பதற்கு ஒரு காரணம் உண்டு. தயாரித்தவர்களே சில ஆண்டுகளில் அச்சு விகிதத்தை மாற்றினார்கள். ஆகவே இரு பக்க நியாயத்தையும் ஒரே காரில் பார்க்க முடிகிறது.

முதல் கேள்வி உச்ச வேகம். சமதரையில் காரைத் தடுப்பது பெரும்பாலும் காற்று. தடைவிசை வேகத்தின் வர்க்கமாகவும், அதை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மூன்றாம் அடுக்காகவும் ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் திறன் எட்டு மடங்கு வேண்டும். எனவே ஒவ்வொரு காருக்கும் இன்ஜினின் முழுத் திறனும் காற்றுக்கே செலவாகிவிடும் ஒரு வேகம் உண்டு. இன்ஜின் தன் உச்சத் திறன் தரும் சுற்றில் இருக்கும்போது அந்த வேகம் வந்தால்தான் கார் அதை எட்டும். கியர் இழுவைப் பக்கம் அதிகம் சாய்ந்திருந்தால் காற்று மடக்குவதற்கு முன்பே சிவப்புக் கோடு வந்துவிடும். ஓட்டப் பக்கம் அதிகம் சாய்ந்திருந்தால் இன்ஜின் தன் உச்சத்துக்கு ஏறவே முடியாமல் மூச்சு வாங்கும்.

86-இன் டயர் அளவு 215/45, 17 அங்குலம். சுற்றளவு ஏறத்தாழ 1.96 மீட்டர். 7,400 சுற்றில் ஐந்தாம் கியர் தருவது 213 கிலோமீட்டர். ஆறாம் கியர் கணக்குப்படி 277 வரை தரும். ஆனால் அதன் உச்ச வேகம் 226 மட்டுமே. அதற்கு மேல் காற்று விடாது. அந்த வேகத்தில் ஆறாம் கியரில் இன்ஜின் சுற்றுவது 6,000-ஐ ஒட்டி. உச்சத் திறனுக்கு இன்னும் ஆயிரம் சுற்று பாக்கி. அதாவது ஆறாம் கியர் உச்ச வேகத்துக்காகப் பார்த்துப் பார்த்துக் குறித்தது அல்ல. நெடுஞ்சாலையில் பெட்ரோலை மிச்சம் பிடிக்கக் கொஞ்சம் ஓட்டப் பக்கம் தள்ளிவிட்டது. 100 கிலோமீட்டரில் அது இன்ஜினை 2,670 சுற்றில் வைக்கிறது.

அமெரிக்காவின் கார்வெட் இந்தத் தந்திரத்தை எல்லைக்கே கொண்டுபோனது. 1997-இல் வந்த ஐந்தாம் தலைமுறைக் காரின் மேனுவல் பெட்டியில் ஆறாம் கியர் 0.50, அச்சு 3.42. 100 கிலோமீட்டரில் 5.7 லிட்டர் இன்ஜின் 1,340 சுற்றில் முணுமுணுக்கும். பெரிய இன்ஜின் என்பதால் அதிலும் இழுத்துக்கொண்டு போகும். உச்ச வேகம் வேண்டுமென்றால் ஐந்தாம் கியருக்கு இறங்கியாக வேண்டும். ஆறாவது வெறும் பயணக் கியர். சிறிய இன்ஜினுக்கு இந்த 0.50-ஐ மாட்டினால் எதிர்க்காற்றிலேயே வண்டி சோர்ந்துவிடும்.

இரண்டாவது கேள்வி முதல் கியர். இங்கே எல்லை வகுப்பது டயரின் பிடிப்பு. 86-இன் முறுக்குவிசை உச்சத்தில் 205 நியூட்டன் மீட்டர். முதல் கியரின் 3.626-ஆலும் அச்சின் 4.1-ஆலும் பெருக்கி, வழியில் தேயும் 15 விழுக்காட்டைக் கழித்து, டயரின் ஆரத்தால் வகுத்தால் தரையில் விழும் தள்ளுவிசை ஏறத்தாழ 845 கிலோ எடைக்குச் சமம். காரும் ஓட்டுபவரும் சேர்ந்து 1,300 கிலோவுக்குச் சற்று மேல். கிளம்பும்போது உடல் பின்னால் சாய்வதால் கூடும் பாரத்தையும் சேர்த்தால் பின் சக்கரங்களின் மேல் விழுவது 700 கிலோவுக்குக் கொஞ்சம் அதிகம். சாலை டயர் தன் மேல் விழும் பாரத்தின் அளவுக்கே தரையைப் பற்றும் என்று வைத்துக்கொண்டால், முதல் கியர் டயர் தாங்குவதைவிடச் சற்றுக் கூடுதலாகவே தருகிறது. இன்னும் பெரிய எண் வைத்தால் ரப்பர் புகைவதைத் தவிர வேறு பலன் இல்லை. சிறிய எண் வைத்தால் கிளம்பும்போது கிளட்சை நெடுநேரம் வழுக்கவிட வேண்டிவரும். ஊருக்குள் நெரிசலில் ஓட்டுபவருக்குக் கிளட்ச் தகடு அடிக்கடி செலவு வைக்கும்.

கார்வெட்டின் இன்ஜின் தருவது ஏறத்தாழ 475 நியூட்டன் மீட்டர். அதன் முதல் கியர் 2.66, அச்சோடு சேர்த்து மொத்தம் 9.1. 86-இன் மொத்தம் 14.9. எண் இவ்வளவு சிறிதாக இருந்தும் கார்வெட்டின் தள்ளுவிசை 1,100 கிலோவைத் தாண்டுகிறது. டயர் அங்கேயும் திணறும். வலுவான இன்ஜினுக்குப் பெரிய எண் அச்சை மாட்டி இன்னும் வேகமாக்க நினைப்பது தெருவில் அடிக்கடி நடக்கும் தவறு. முறுக்குவிசை அதிகமாக உள்ள இன்ஜினுக்கு அச்சின் எண்ணைக் குறைத்தால், ஒவ்வொரு கியரிலும் ஓட வழி நீளும். மாற்றும் தடவையும் குறையும். கார்வெட் முதல் கியரிலேயே 84 கிலோமீட்டர் ஓடிவிடுகிறது.

இரு முனையும் குறித்தாகிவிட்டது. நடுவில் நான்கு கியர்களை எப்படிப் பங்கிடுவது என்பதில்தான் கலை இருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலைநகரில் 1929-இல் தொடங்கிய பல்கலைக்கழகத்தில் பொறியியல் புலம் 1945 முதல் இருக்கிறது. அங்கும் தமிழ்நாட்டின் மற்றக் கல்லூரிகளிலும் இயந்திரவியல் மாணவர்கள் கியர்பாக்ஸ் வடிவமைப்புப் பாடத்துக்குப் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் தரவுப் புத்தகத்தைத் திறப்பார்கள். அதில் லேத் போன்ற பட்டறை இயந்திரங்களுக்கு ஒரு விதி உண்டு: ஒவ்வொரு படிக்கும் அடுத்த படிக்கும் ஒரே பெருக்கெண். 1.26 என்றால் எல்லா இடத்திலும் 1.26. லேத்துக்கு அது பொருத்தம். எந்த விட்டத்துக் கம்பியானாலும் வெட்டு வேகத்தில் ஏற்படும் பிழை ஒரே அளவாக இருக்கும். அதே விதியைக் காருக்குப் போட்டால் மேல் கியர்களில் கார் படுத்துவிடும்.

காரணம் காற்றுதான். கீழ்க் கியர்களில் இன்ஜினின் திறனில் பெரும்பகுதி வேகம் ஏற்றுவதற்கு மிச்சம் இருக்கும். அங்கே ஒரு மாற்றத்தில் சுற்று பாதியாக விழுந்தாலும் பரவாயில்லை. மேலே போகப் போகக் காற்று தன் பங்கை எடுத்துக்கொள்கிறது, மிச்சம் இத்தனூண்டு. அங்கே இன்ஜின் உச்சத் திறனைவிட்டு வெகுதூரம் விழுந்தால் திரும்பி ஏறவே முடியாது. ஆகவே காரின் படிகள் மேலே போகப் போக நெருங்க வேண்டும். 86-இல் அது கச்சிதமாகத் தெரியும். சிவப்புக் கோட்டில் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றினால் சுற்று 7,400-இலிருந்து 4,470-க்கு விழும். இரண்டிலிருந்து மூன்றுக்கு 5,210. மூன்றிலிருந்து நான்குக்கு 5,820. நான்கிலிருந்து ஐந்துக்கு 6,100. ஆறாவது மட்டும் 5,680-க்கு விழுகிறது. அதுதான் மேலே சொன்ன பெட்ரோல் கியர். இந்த ஏற்ற இறக்கத்தைக் காகிதத்தில் வரைந்தால் ரம்பப் பல் போல இருக்கும். விகிதம் குறிப்பவர் முதலில் வரைந்து பார்க்கும் படம் அதுவே.

இன்ஜினின் குணத்தைப் பொறுத்து இந்தப் பற்கள் மாறும். கார்வெட்டின் இன்ஜினைப் போல எந்தச் சுற்றிலும் இழுக்கும் இன்ஜினுக்கு இடைவெளி அகலமாக இருந்தாலும் கவலையில்லை. உச்சாணியில் மட்டும் பாடும் இன்ஜினுக்கு நெருக்கமான கியர்கள் வேண்டும். 86-இன் இன்ஜினில் 3,500-க்கும் 4,500-க்கும் நடுவில் முறுக்குவிசை குழி விழும். அந்தக் காரை ஓட்டியவர்கள் பலரும் குறைசொன்ன இடம் அது. முதல் கியரைச் சிவப்புக் கோடு வரை இழுத்து மாற்றினால் இரண்டாம் கியர் குழியின் விளிம்பில் காலூன்றும். 6,500-லேயே மாற்றும் அவசரக்காரருக்கு 3,920, நேராகக் குழிக்குள்.

2017 மாடலில் மேனுவல் கியர் காருக்கு அச்சு 4.1-இலிருந்து 4.3 ஆனது. கியர்பாக்ஸில் கை வைக்கவில்லை. கூடியது ஏறத்தாழ 5 விழுக்காடு. ஒவ்வொரு கியரிலும் தள்ளுவிசை அந்த அளவு ஏறியது, ஒவ்வொரு கியரின் எல்லையும் அந்த அளவு சுருங்கியது. இரண்டாம் கியர் முன்பு 97 கிலோமீட்டர் வரை போகும். மாற்றத்துக்குப் பின் 93-இல் முடிந்தது. நாலு கிலோமீட்டர் வித்தியாசம் அற்பம் என்று தோன்றும். ஆனால் அமெரிக்கப் பத்திரிகைகள் காரை அளக்கும் கோல் மணிக்கு 60 மைல், அதாவது 96.6 கிலோமீட்டர். பழைய அச்சில் இரண்டாம் கியரிலேயே அந்தக் கோட்டைத் தாண்டிவிடலாம். புதியதில், கணக்குப்படி, கோட்டுக்குச் சற்று முன்னால் மூன்றாம் கியர் போட வேண்டும். ஒரு மாற்றத்துக்கு அரை நொடி அளவு போய்விடும். சாலையில் சுறுசுறுப்பாக மாறிய கார் பத்திரிகை அட்டவணையில் பின்தங்க இதுவே போதும். விளம்பர எண்ணைப் பார்த்து அச்சைக் குறிப்பதா, ஓட்டுபவரின் சாலையைப் பார்த்துக் குறிப்பதா என்ற கேள்விக்கு அந்த நிறுவனம் இரண்டாவது விடையைத் தேர்ந்தது பாராட்டத்தக்கது.

ஓட்டுபவரின் சாலை எது? கடலூர்–சிதம்பரம் பாதையில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பு.முட்லூர் என்று ஊர்கள் வரும்போது வேகம் 40-க்கு இறங்கும், பிறகு 80-க்கு ஏறும். 226 என்ற எண்ணுக்கு அங்கே வேலையில்லை. வேலை இருப்பது 60-இல் போகும் நெல் லாரியைத் தாண்டும் நொடியில். அந்த வேகத்தில் 86-இன் ஆறாம் கியர் இன்ஜினை 1,600 சுற்றில் தூங்கவைத்திருக்கும். மூன்றாம் கியர் 3,220-இல் எழுப்பும். அடுத்த சில நொடிகளில் முறுக்குவிசைக் குழி எதிரே வரும். இரண்டாவதுக்கு இறங்கினால் 4,570. குழியைத் தாண்டிய இடம். அச்சு 4.3 என்றால் அதே இரண்டாம் கியரில் 4,790. கியர் விகிதத்தைப் பற்றிய பேச்செல்லாம் முதல் கியரையும் கடைசிக் கியரையும் சுற்றியே நடக்கிறது. காரின் வாழ்நாள் கழிவது இரண்டிலும் மூன்றிலும்தான்.

டயரும் ஒரு கியர் என்பது பலருக்கு நினைவில் நிற்பதில்லை. சுற்றளவு 5 விழுக்காடு கூடிய டயரை மாட்டினால் 4.3 அச்சு 4.1 ஆகிவிடும், அச்சை மாற்றச் செய்த செலவு தண்டம். அழகுக்காகப் பெரிய சக்கரம் மாட்டி, உயரமான டயரும் போட்டுவிட்டு, பிக்கப் குறைந்துவிட்டது என்று இன்ஜினைக் குறைசொல்பவர்கள் உண்டு. ஸ்பீடோமீட்டரும் அப்போது உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். சக்கரத்தின் அங்குலம் கூடினால் டயரின் பக்கச்சுவரைக் குறைத்து மொத்த உயரத்தைப் பழையபடி வைப்பதே முறை.

அட்டவணைகளில் வரும் 3.42, 3.909, 4.1, 4.3 போன்ற எண்கள் ஏன் முழு எண்ணாக இல்லை என்பதும் கேட்கத்தக்கது. 41-ஐ 12-ஆல் வகுத்தால் 3.42, 43-ஐ 11-ஆல் வகுத்தால் 3.909. 41-உம் 43-உம் பகா எண்கள். நாற்பது பல்லுக்குப் பத்துப் பல் என்று வைத்தால் பினியனின் ஒரு பல் என்றென்றும் கிரவுனின் அதே நான்கு பற்களைத்தான் சந்திக்கும். ஒன்றில் சிறு வடு இருந்தால் அந்த நான்கும் கெடும். பொதுக் காரணி இல்லாத எண்களை வைத்தால் ஒவ்வொரு பல்லும் எதிர்ப்பக்கத்தின் எல்லாப் பற்களையும் முறைவைத்துச் சந்திக்கும். தேய்மானம் சமமாகப் பரவும்.

அச்சை மாற்றுவது கியர்பாக்ஸைப் பிரித்து உள்விகிதம் மாற்றுவதைவிடச் செலவு குறைந்தது. எளிது என்று சொல்ல முடியாது. கிரவுனும் பினியனும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று உரசவிட்டு இணைத்த ஜோடி. ஒன்றை மட்டும் மாற்றினால் ஊளையிடும். பினியன் எவ்வளவு ஆழம் உட்கார வேண்டும், பல்லுக்கும் பல்லுக்கும் எவ்வளவு இடுக்கு விட வேண்டும் என்பதை மெல்லிய தகடுகள் வைத்து மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கில் சரிசெய்ய வேண்டும். பல்லில் வண்ணப் பசை தடவிச் சுற்றிப் பார்த்து, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று கவனிப்பது நல்ல மெக்கானிக்கின் அடையாளம். தடம் நுனியில் விழுந்தால் சில ஆயிரம் கிலோமீட்டரில் பல் உதிரும். இந்தப் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே சேர்வதால் இன்ஜின் ஆயில் இங்கே நிற்காது. இதற்கென்று உள்ள கனமான கியர் ஆயிலே வேண்டும்.

பந்தயத்தில் சாலை ஒன்றே. அதனால் கணக்கு கூர்மையாகும். தமிழ்நாட்டில் பந்தயம் வளர்ந்தது சோழவரத்தின் பழைய போர்க்கால விமான ஓடுபாதையில். அகன்ற நேர்கோடுகள். 1990-இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தது, 3.7 கிலோமீட்டர், வளைவுகள் அதிகம். கோயம்புத்தூர் அருகே செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே இன்னும் சிறியது, 2.1 கிலோமீட்டர். மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி காரை உருவாக்கிய கரிவர்தனின் பெயர் அதற்கு. ஓடுபாதையில் வென்ற விகிதம் சிறு தடத்தில் தோற்கும். தடத்துக்கு விகிதம் குறிப்பவர் நேர்கோட்டின் கடைசியில் கார் எட்டும் வேகத்தைக் கடைசிக் கியரின் உச்சத் திறனோடு பொருத்துவார். பிறகு முக்கியமான ஒவ்வொரு வளைவிலிருந்தும் வெளியேறும் வேகத்தை எடுத்து, அங்கே இன்ஜின் நல்ல சுற்றில் இருக்கிறதா, வளைவின் நடுவில் கியர் மாற்ற வேண்டிவருகிறதா என்று பார்ப்பார்.

மாணவர் கார்களில் இதைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். கரி தடத்தில் நடந்துவரும் ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கல்லூரி அணிகள் தாங்களே கட்டிய சிறு பந்தயக் கார்களோடு வருகின்றன. பலருக்கும் கைக்கெட்டும் இன்ஜின் கேடிஎம் 390 பைக்கினுடையது. கியர்பாக்ஸும் அதோடு ஒட்டியே வரும். உள்விகிதம் மாற்ற முடியாது. கையில் இருப்பது செயின் பல்சக்கரம் மட்டும். பைக்கில் அது 15-க்கு 45, விகிதம் 3. அதையே 18 அங்குல உயரமுள்ள சிறு டயரோடு காரில் மாட்டினால் 9,000 சுற்றில் முதல் கியர் 36 கிலோமீட்டரில் முடிந்துவிடும், ஆறாவது 115 தரும். போட்டித் தடத்தில் கூர்மையான வளைவும் குட்டி நேர்கோடுமாக இருக்கும். வேகம் 40-க்கும் 90-க்கும் நடுவே ஊசலாடும். கியரை ஓயாமல் மாற்றிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு மாற்றத்திலும் இழுவை அறுந்து நேரம் போகும். பின் பல்சக்கரத்தை 36 பல்லாக்கினால் விகிதம் 2.4. அப்போது இரண்டாம் கியர் 65 வரையும் மூன்றாவது 85 வரையும் செல்லும். தடத்தின் பெரும்பகுதியை இந்த இரண்டே கியரில் ஓட்டிவிடலாம். கிளம்பும்போது சற்று மந்தம். ஆனால் ஒரு சுற்றுக்குக் கிளம்புவது ஒரு முறைதானே.

ஃபார்முலா ஒன்னில் முன்பெல்லாம் ஒவ்வொரு தடத்துக்கும் அணிகள் விகிதத்தை மாற்றிக்கொண்டன. மொனாக்கோவின் சந்துகளுக்கு ஒன்று, மொன்ஸாவின் நேர்கோடுகளுக்கு வேறொன்று. 2014-இலிருந்து எட்டு கியர்களின் விகிதத்தையும் பருவத்தின் தொடக்கத்திலேயே அறிவித்துவிட வேண்டும் என்று விதி வந்தது. அதன்பின் மொன்ஸாவுக்காகக் குறித்த எட்டாவது கியர் மொனாக்கோவில் பெரும்பாலும் சும்மா இருக்கும்.

மின்சாரக் கார் இந்தத் தொல்லையைப் பெரும்பாலும் ஒழித்துவிட்டது. மோட்டார் நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசை தரும். 15,000 சுற்றுக்கு மேலும் ஓடும். ஆகவே 8, 9 என்ற அளவில் ஒரே விகிதம் போதும். கியர் மாற்றும் தண்டே இல்லை. ஆனாலும் 2019-இல் வந்த போர்ஷ் டைகான், பின் மோட்டாருக்கு இரண்டு கியர் வைத்தது. முதலாவது ஏறத்தாழ 16, கிளம்பிப் பாய்வதற்கு. இரண்டாவது ஏறத்தாழ 8, மணிக்கு 260 கிலோமீட்டர் வரை போவதற்கு.